வண்டிப்பாதையில் நான்கு கோப்ளின்கள்: முதல் ஆட்டத்துக்குப் புதியவர்களைத் தயார்செய்வது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூலையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு வெளிவரத் தொடங்கியபோது முதலில் கடைக்கு வந்தது கெட்டி அட்டை போட்ட விதிநூல் இல்லை, ஸ்டார்ட்டர் செட் என்ற மெல்லிய பெட்டி. வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். விலை 19.99 டாலர். உள்ளே 32 பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம், 64 பக்கத்தில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' என்ற சாகசம், எண்களை எல்லாம் முன்கூட்டியே நிரப்பிய ஐந்து கேரக்டர் ஷீட்டுகள் (பாத்திரத்தின் விவரத் தாள்கள்), ஆறு பகடைகள். அவ்வளவுதான்.

ஆடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தை விவரிப்பதும் எதிரிகளையும் ஊர்க்காரர்களையும் பேச வைப்பதும் அவர் வேலை. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று டிஎம் கேட்பார். ஆட்டக்காரர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, தாளில் உள்ள எண்ணைக் கூட்டி, ஒரு இலக்கோடு ஒப்பிட வேண்டும். விளையாட்டின் முக்கால்வாசி இந்தச் சுற்றுதான்.

புதியவர்களை முதல் ஆட்டத்துக்கு எப்படித் தயார்செய்வது என்று பேச இந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இதை வாங்கிய எல்லா மேசைகளிலும் ஆட்டம் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகள், புதருக்குள் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் நான்கு பேர். ஒரே வினாத்தாளை ஊருலகமே எழுதியது மாதிரி. அதனால் எந்தக் கேள்வி நன்றாக அமைந்தது, எது பிள்ளைகளைத் தடுக்கி விழவைத்தது என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டி ஆட்டக்காரர்களை அருமையாகத் தயார்செய்கிறது. டிஎம்மை அரைகுறையாகத்தான் தயார்செய்கிறது. அந்தக் குறை முதல் ஒரு மணி நேரத்துக்குள், முதல் சண்டையிலேயே வெளியே வந்துவிடும்.

நிரப்பிய தாளும் காலிக் கட்டமும்

ஒரு மாதம் கழித்து வந்த முழு விதிநூலில் ஒன்பது இனங்கள், பன்னிரண்டு வகுப்புகள் (வகுப்பு என்றால் பாத்திரத்தின் தொழில் மாதிரி). அதற்கு மேல் பாத்திரத்தின் பழைய வாழ்க்கை என்ன என்று தேர்ந்தெடுக்க வேறொரு பட்டியல். அனுபவம் உள்ளவருக்கு இதெல்லாம் கொண்டாட்டம். ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாதவர் முன்னால் இதை விரித்து வைத்தால் முதல் மாலை முழுக்கப் படிவம் நிரப்புவதிலேயே போய்விடும். பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

பெட்டி இந்தப் படியை அப்படியே தாண்டிவிடுகிறது. ஐந்து தாள்கள்: இரண்டு மனித ஃபைட்டர்கள், அதாவது போர்வீரர்கள் (ஒருவர் வில்லாளி, மற்றவர் பிரபுக் குடும்பம்), குள்ளர் இனத்தில் ஒரு க்ளெரிக் (தெய்வ சக்தியால் குணப்படுத்தும் பூசாரி), எல்ஃப் இனத்தில் ஒரு மந்திரவாதி, ஹாஃப்லிங் என்ற சிற்றுருவ இனத்தில் ஒரு ரோக் (திருட்டுத் தந்திரக்காரர்). எண்கள், ஆயுதங்கள், மூட்டையில் என்ன இருக்கிறது என்பது வரை எல்லாம் எழுதியிருக்கும். பெயர் மட்டும் காலி. புதியவரிடம் பெட்டி கேட்கும் ஒரே வேலை அந்தக் கட்டத்தை நிரப்புவது. பெட்டியிலேயே சிறந்த முடிவு இதுதான் என்பேன். பெயர் வைத்ததும் அந்தத் தாள் அவருடையதாகிவிடுகிறது, அதற்கு ஒரு விதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாளில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சொந்தக் குறிக்கோள். ரோக்குக்கு ரெட்பிராண்ட்ஸ் என்ற ரவுடிக் கூட்டத்தைப் பழிவாங்க வேண்டும். வில்லாளியின் பெற்றோர் வாழ்ந்த தண்டர்ட்ரீ என்ற ஊர் பாழாகிக் கிடக்கிறது, அங்கே குடியேறியிருக்கும் டிராகனை விரட்ட வேண்டும். பிரபுவுக்கு ஃபண்டலின் என்ற எல்லைப்புற ஊரை ஒழுங்குக்குக் கொண்டுவர ஆசை. "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும்போது புதியவர் விழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விதி தெரியாதது இல்லை. தன் ஆளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாததுதான். அதை இரண்டு வரியில் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

குறை சொல்லவும் இடம் இருக்கிறது. இந்தக் குறிக்கோள்கள் பலன் தருவது பின்னால்தான். டிராகன் முதல் நாள் மாலை வருவதில்லை. ரெட்பிராண்ட்ஸைப் பார்க்க ஃபண்டலின் போய்ச் சேர வேண்டும். முதல் ஆட்டத்தில் இருப்பது வேறு ஒரு கதை: கண்ட்ரன் ராக்சீக்கர் என்ற குள்ளர் நெவர்விண்டர் நகரத்தில் இவர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஒரு மாட்டுவண்டிச் சரக்கை ஃபண்டலினில் சேர்க்கச் சொல்கிறார். ஆளுக்குப் பத்துத் தங்கக் காசு. அவர் சில்டார் ஹால்விண்டர் என்ற வீரரோடு முன்னால் குதிரையில் போய்விடுகிறார். பாத்திரங்களுக்கு அவரை எப்படிப் பழக்கம் என்று ஆட்டக்காரர்களையே யோசித்துச் சொல்ல வைக்கும்படி சாகசப் புத்தகம் டிஎம்முக்குச் சொல்கிறது. அவசரத்தில் பலர் தாண்டிவிடும் இடம் இது. தாண்டக் கூடாது. கண்ட்ரன் காணாமல் போனது தெரியவரும்போது "யாரோ ஒரு முதலாளி" காணாமல் போனால் குழு ஃபண்டலினுக்கே நேராக வண்டியை ஓட்டும். "என் அப்பாவுக்குக் கடன் கொடுத்து உதவியவர்" காணாமல் போனால் தடம் பார்த்துக் காட்டுக்குள் போகும். ஐந்து நிமிடக் கேள்விதான், கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

எதைச் சொல்லாமல் விடுவது

விதிப்புத்தகம் 32 பக்கம்தானே, எல்லோரையும் படித்துவிட்டு வரச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். படித்து வருபவர் ஒருவர், புரட்டிப் பார்த்தவர் ஒருவர், திறக்காதவர் இருவர் என்றுதான் மேசை அமையும். படித்தவர் மற்றவர்களுக்கு வாத்தியார் ஆகிவிடுவார், அது இன்னும் மோசம்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பகடை உருட்டுவது, கூட்டுவது, இலக்கு. சண்டையில் உன் முறை வந்தால் நகரலாம், ஒரு காரியம் செய்யலாம். தாளில் இல்லாததையும் செய்வதாகச் சொல்லலாம்: வண்டியைக் கவிழ்த்து அதன் பின்னால் ஒளியலாம், காளையை அவிழ்த்து விரட்டலாம், கையைத் தூக்கிப் பேசப் பார்க்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், கணினி விளையாட்டில் பழகியவர்கள் தாளில் அச்சான ஆயுதங்களை மட்டுமே பொத்தான்களாகப் பார்ப்பார்கள்.

மந்திரவாதி மட்டும் விதிவிலக்கு. அந்தத் தாளை எடுப்பவரை முன்னதாக வரச்சொல்லித் தனியாகப் பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். மந்திரப் பட்டியல் முழுவதையும் விளக்க வேண்டியதில்லை, ஒரே ஒரு மந்திரம் போதும்: ஸ்லீப். 2014 விதிப்படி எட்டு முகப் பகடையை ஐந்து தடவை உருட்டிக் கூட்ட வேண்டும். சராசரி 22 அல்லது 23 வரும். மொத்தம் அவ்வளவு ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற உயிர்ப் புள்ளி) வரைக்கும் ஆட்கள், குறைவாக வைத்திருப்பவரிலிருந்து ஆரம்பித்து, தூங்கிவிடுவார்கள். தப்பிக்கப் பகடை வாய்ப்பும் அவர்களுக்குக் கிடையாது. ஒரு கோப்ளினுக்கு ஏழு ஹிட் பாயிண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கில் மூன்று கோப்ளின் ஒரே மந்திரத்தில் சுருண்டு விழும். அந்த மந்திரத்தைத் தயார்செய்து வைத்திருப்பவருக்கு அது தெரிந்திருந்தால் முதல் சண்டை ஒரு சுற்றில் முடிந்துவிடும். தெரியாவிட்டால் கையில் உள்ள கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவார். (ஓடியிருக்கிறார்கள்.)

இன்னொரு சின்ன ஏற்பாடு. நாலு பேர் மட்டும் ஆடுவதென்றால் ஐந்தில் ஒரு தாள் மிஞ்சும். அது க்ளெரிக்காக இருக்க விடாதீர்கள். குணப்படுத்துகிறவர் என்றதும் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் அந்தத் தாளில் இருப்பது கவசம் போட்டு, சுத்தியல் பிடித்து முன்வரிசையில் நிற்கிற ஒரு ஆள். அப்படி அறிமுகம் செய்தால் எடுப்பார்கள்.

புதருக்குள்

இனி அந்த நான்கு கோப்ளின்கள்.

ட்ரைபோர் சாலையில் வளைவு திரும்பினால் கருநிற இறகு அம்புகள் தைத்த இரண்டு குதிரைகள் வழியை மறித்துக் கிடக்கின்றன. கண்ட்ரனும் சில்டாரும் ஏறிப்போன குதிரைகள். யாராவது அருகே போனால் கோப்ளின்கள் பாய்வார்கள். இரண்டு பேர் ஓடிவந்து கத்தி வீச, மற்ற இருவர் தள்ளி நின்று அம்பு விட வேண்டும் என்று சாகசப் புத்தகம் டிஎம்முக்கு வழி சொல்கிறது. மூன்று பேர் விழுந்ததும் நாலாவது ஆள் ஓடிவிடுவான்.

படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. அந்த வருடம் டிசம்பரில் வந்த டிஎம் கையேட்டில் ஒரு சண்டை எவ்வளவு கடினம் என்று அளக்க ஒரு கணக்கு உண்டு. அதை இங்கே பொருத்திப் பார்ப்போம். கோப்ளின் ஒன்றை வீழ்த்தினால் 50 அனுபவப் புள்ளி, நான்குக்கு 200. மூன்றிலிருந்து ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் இரண்டால் பெருக்க வேண்டும்: 400. முதல் நிலைப் பாத்திரம், அதாவது ஆட்டத்தை இப்போதுதான் தொடங்கும் பாத்திரம், ஒன்றுக்கு 'உயிராபத்து' என்ற எல்லை 100. நான்கு பேர் குழுவுக்கு 400. அதாவது புதியவர்களின் வாழ்க்கையிலேயே முதல் சண்டை, நிறுவனத்தின் சொந்தக் கணக்குப்படியே மிகக் கடினமான வகைக்குள் சரியாக விழுகிறது. ஐந்து பேர் இருந்தால் ஒரு படி கீழே, 'கடினம்' என்ற வகைக்கு இறங்கும்.

கணக்கில் வராத விஷயம் பதுங்கல். ஒளிந்துகொள்வதில் கோப்ளினுக்குக் கூட்டல் ஆறு. கூர்ந்து கவனிக்கும் திறன் 12 என்று தாளில் உள்ள ஒருவருக்கு, பத்தில் ஏழு தடவை அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அந்த விதிகளில், திடுக்கிட்டவர் முதல் சுற்றில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே புதியவர் வாய் திறப்பதற்குள் இரண்டு கத்தி, இரண்டு அம்பு. கோப்ளினின் தாக்குதலுக்குக் கூட்டல் நான்கு. மெல்லிய உடையில் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எதிரி எட்ட வேண்டிய இலக்கு எண்) 12 உள்ள ஒரு மந்திரவாதியை அது நூற்றுக்கு 65 தடவை தைக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஆறு முகப் பகடையோடு இரண்டு, சராசரி ஐந்தரை. முதல் நிலை மந்திரவாதியின் ஹிட் பாயிண்ட் ஆறும், உடல் உரத்துக்கான சிறு கூட்டலும். இரண்டு அம்பு பட்டால் ஆள் கீழே.

இதற்கு மேல் கோப்ளினுக்கு ஒரு தந்திரம்: அடித்த அதே முறையில் நழுவி மறுபடி ஒளிந்துகொள்ளலாம். புத்தகத்தை நன்றாகப் படித்த டிஎம் இதைச் சுற்றுக்குச் சுற்று பயன்படுத்தினால் நாலு சின்னப் பயல்கள் ஒரு படையாகிவிடுவார்கள். இங்கேதான் ஒரு விசித்திரம். திறமையான டிஎம் தெரிந்தே விட்டுக்கொடுப்பார், விதி தெரியாத டிஎம் தெரியாமல் விட்டுக்கொடுப்பார். ஆபத்தானவர் நடுவில் இருப்பவர்: வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்த, முதல் தடவை நடத்துகிற, விதிப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். ஸ்டார்ட்டர் செட் வாங்குபவர் பெரும்பாலும் அவர்தான்.

தோற்றால் என்ன

இந்தச் சண்டையில் குழு தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதைச் சாகசப் புத்தகமே எழுதி வைத்திருக்கிறது. கோப்ளின்கள் அவர்களைக் கொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர்களையும் வண்டியையும் கொள்ளையடித்துவிட்டுக் குகைக்குப் போய்விடுவார்கள். விழித்தெழுந்தவர்கள் ஃபண்டலினுக்கு நடந்துபோய், புதிய பொருள்கள் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து தடம் பிடிக்கலாம். நல்ல ஏற்பாடு. தோல்வியும் கதைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, சொல்லப்போனால் கோப்ளின்கள் மேல் சொந்தப் பகையும் சேர்ந்துவிடுகிறது.

பிரச்சினை அது எழுதப்பட்டிருக்கும் இடம். நடக்க வாய்ப்பில்லாத ஒன்று போல, ஒரு சிறு பத்தியில், டிஎம்மின் கண்ணுக்கு மட்டும். பதற்றத்தில் இருக்கும் புதிய டிஎம் அந்த நேரத்தில் பக்கம் புரட்டி அதைத் தேடமாட்டார். ஆட்டக்காரர்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை ஹிட் பாயிண்ட் பூச்சியம் என்றால் ஆட்டம் முடிந்தது. பெயர் வைத்து அரை மணி நேரம் ஆன பாத்திரம் தரையில் கிடக்கிறது, தன் முறை வரும்போது உயிர் தப்பப் பகடை உருட்டுகிறார், பத்துக்குக் கீழே விழுகிறது, அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார். மூன்று தடவை தவறினால் சாவு. இடையில் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், அந்த ஆளை மறுபடி மேசைக்கு இழுப்பது கஷ்டம்.

ஆகவே முன் தயாரிப்பில் எதைச் சேர்ப்பது என்று கேட்டால், விதிகளைவிட மூன்று வாக்கியங்களை முதலில் சேர்ப்பேன். விழுந்தவர் உடனே சாவதில்லை, தோழர் ஒருவர் ஓடிப்போய்க் காப்பாற்றலாம். ஓடிப்போவதும் சரணடைவதும் ஆட்டத்தில் உண்டு. கைச்சண்டையில் எதிரியை வீழ்த்தும் அடி உங்களுடையதாக இருந்தால் கொல்லாமல் மயக்கமடைய வைக்கலாம். மூன்றாவது முக்கியம், ஏனென்றால் உயிரோடு பிடிபட்ட கோப்ளினுக்கு வாய் இருக்கிறது: குகை எங்கே, கண்ட்ரன் என்ன ஆனார் என்பதையெல்லாம் அவன் சொல்வான். அவன் என்னென்ன சொல்லக்கூடும் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. நாலு பேரையும் வெட்டிப் போட்ட குழுவுக்கு அது கிடைக்காது, காட்டுத் தடத்தில் வைத்திருக்கும் சுருக்குக் கண்ணியிலும் குழியிலும் விழுந்து எழுந்துதான் போக வேண்டும்.

முன்பு வந்தவை, பின்பு வந்தவை

புதியவர்களுக்கான பெட்டி 2014-இல் முளைத்த யோசனை இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட முதல் மூன்று சிறு புத்தகங்கள், போர் விளையாட்டுகளில் ஊறியவர்களுக்கு மட்டுமே புரியும்படி இருந்தன. அதைச் சாதாரண ஆட்களுக்குப் புரியும்படி முதலில் திருத்தி எழுதியவர் எரிக் ஹோம்ஸ். தொழிலால் நரம்பியல் பேராசிரியர். அவருடைய பேசிக் செட் 1977-இல் வந்தது.

ஆனால் இந்த ஆய்வுக்கு உதவுவது 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டி. அதில் ஆட்டக்காரர் புத்தகத்தின் தொடக்கமே ஒரு தனி ஆள் கதை. மேசையும் தேவையில்லை, டிஎம்மும் தேவையில்லை. படித்துக்கொண்டே பகடை உருட்டுவீர்கள். குகைக்குள் அலீனா என்ற க்ளெரிக்கைச் சந்திப்பீர்கள், அவள் உதவுவாள், விதிகளை நட்பாகப் பேசிக்கொண்டே சொல்லித்தருவாள். பிறகு பார்கல் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுவான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் இன்றைக்கும் பார்கல் பெயரைக் கேட்டால் பல்லைக் கடிப்பார்கள்.

அந்தக் கதை செய்த வேலை என்ன? ஹிட் பாயிண்ட், தாக்குதல் எல்லாம் கற்றுத் தந்தது உண்மைதான். அதைவிட, இந்த உலகத்தில் இழப்பு உண்டு, இழந்த பிறகும் கதை ஓடும் என்பதைப் புதியவருக்கு வீட்டிலேயே, தனியாக, மற்றவர்கள் பார்க்காத இடத்தில் பழக்கிவிட்டது. மேசைக்கு வரும்போது அவர் ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டவர். 2014 பெட்டியில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. முதல் அடி மேசையிலேயே, நாலு பேர் முன்னால் விழுகிறது.

2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் வேறு திசையில் போனது: பாத்திரத்தைச் சொந்தமாக உருவாக்கும் விதிகள் உள்ளே, ஒரு டிஎம்மும் ஒரே ஆட்டக்காரரும் இருந்தால்கூட ஆடுவதற்குத் துணைப் பாத்திர விதிகள். வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அது நல்ல தேர்வு. முதல் மாலைக்கு மட்டும் என்றால் நிரப்பிய தாளே மேல் என்பது என் கருத்து.

2022-இல் வந்த அடுத்த ஸ்டார்ட்டர் செட், 'டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல்', மறுபடி நிரப்பிய தாள்களுக்குத் திரும்பியது. அதன் முதல் சண்டையைக் கோப்ளின்களோடு வைத்துப் பாருங்கள். தீவில் இறங்கியதும் கரையில் கடலிலிருந்து எழுந்து வரும் ஸோம்பிகள். கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15. தாக்குதலுக்குக் கூட்டல் ஐந்து உள்ள புதியவர் பத்தோ அதற்கு மேலோ உருட்டினால்தான் அடி விழும், நூற்றுக்கு 55. ஸோம்பியின் ஆர்மர் கிளாஸ் 8. மூன்று விழுந்தாலே போதும், நூற்றுக்கு 90. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெரிய பகடையைக் கையில் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமில்லை. ஸோம்பி மெதுவாக நடக்கும், ஒளியத் தெரியாது, வருவது தூரத்திலேயே தெரியும், யோசிக்க நேரம் கிடைக்கும். ஓட நினைத்தால் ஓடவும் முடியும். ஆனால் அதனிடம் பேச முடியாது, பிடித்து விசாரிக்க முடியாது. எளிதான பரீட்சை, குறைவான கதை. எனக்கு இன்னும் கோப்ளின்கள்தான் பிடிக்கும், ஆனால் பழுது பார்த்த கோப்ளின்கள்.

டிஎம்மைத் தயார்செய்தல்

பழுது பார்ப்பது பெரிய வேலை இல்லை. நாலு பேர் குழுவென்றால் கோப்ளின்கள் மூன்று. அல்லது நான்கையும் வைத்துக்கொண்டு முதல் சுற்றில் அம்புகளை வண்டிப் பலகையிலும் மூட்டையிலும் தைக்க விடுங்கள். யாருக்கும் காயமில்லை, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும், எல்லோருக்கும் தங்கள் முறை கிடைத்துவிடும். நான்கு அடியும் ஒரே ஆள் மேல் விழாமல் பிரித்துவிடுங்கள். இதை ஏமாற்று என்று நினைப்பவர்கள் உண்டு. கோப்ளின்கள் கொள்ளையடிக்க வந்த கோழைகள். காயம் பட்டவனை முடித்துவிட்டு அடுத்தவனுக்குப் போகும் ஒழுங்கு அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

64 பக்கத்தையும் முதல் நாளுக்குள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் பகுதியையும், பின்னால் உள்ள கோப்ளின், ஓநாய், பக்பேர் (கோப்ளினைவிடப் பெரிய முரட்டு அரக்கன்) ஆகிய மூன்றின் குறிப்புகளையும் படித்தால் போதும். மிச்சக் கதையில் யார் வில்லன் என்பதை முன்னுரையில் ஒரு தடவை பார்த்து வையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் ஆர்மர் கிளாஸையும் கவனிக்கும் திறன் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் கவனிக்கும் எண் என்ன?" என்று வளைவு திரும்பும் முன்னால் கேட்டால் பதுங்கல் அம்பலமாகிவிடும். விதி மறந்துவிட்டால் ஒரு முடிவு சொல்லிவிட்டு நகருங்கள், தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பெட்டியில் உள்ள டிஎம் அறிவுரையும் இதையேதான் சொல்கிறது. மேசையில் தமிழில் பேசி ஆடுகிறீர்கள் என்றால், உரக்கப் படிக்கச் சொல்லிக் கட்டம் போட்டிருக்கும் ஆங்கிலப் பத்திகளை அப்படியே ஒப்பிக்காமல் முதல் நாளே உங்கள் வாயில் சொல்லிப் பார்த்துவிடுங்கள். இரண்டு பத்திதான். வித்தியாசம் பெரிது.

பாத்திரங்களைத் தொடும் முன்னால், மேசையில் எது வேண்டாம் என்று ஒரு தடவை கேட்டுவிடுவது இப்போது பரவலான வழக்கம். இந்த முன்பேச்சுக்கு செஷன் ஸீரோ என்று பெயர். இந்தச் சாகசத்தில் கைதியை அடித்து வைத்திருக்கும் காட்சி உண்டு, பின்னால் அடிமைகளாகப் பிடித்து வைத்தவர்களும் வருவார்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் வடிவமைத்த எக்ஸ்-கார்டை, அதாவது எக்ஸ் குறி போட்ட ஒரு அட்டையை, மேசை நடுவில் வைக்கலாம். யாருக்காவது ஒரு காட்சி ஒவ்வவில்லை என்றால் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், காட்சி மாறிவிடும். நெருங்கிய நண்பர்கள் குழுவுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். நண்பரின் நண்பர் ஒருவர் புதிதாக வந்திருப்பார், அவருக்காக.

பதுங்கலைத் தாண்டிய குழு தடம் பிடித்து கிராக்மா குகைக்கு வரும். இங்கே சாகசம் நன்றாக யோசித்து எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே கிளார்க் என்ற பக்பேர் தலைவன். அவன் முள்தண்டாயுதம் ஒரு அடிக்குச் சராசரி பதினொன்று, முதல் நிலை ஆள் யாராக இருந்தாலும் ஒரே அடியில் சாயக்கூடும். ஆனால் அவனுக்குக் கீழே யீமிக் என்ற கோப்ளின், தலைவன் பதவிக்கு ஆசைப்படுபவன், சில்டாரைப் பிணையாக வைத்துக்கொண்டு பேரம் பேசுவான்: கிளார்க்கைத் தீர்த்துக் கட்டினால் இவரை விடுகிறேன். புதியவர்களுக்கு இந்தப் பேரம் ஒரு திறப்பு. எதிரி என்றால் அடிப்பதற்கு மட்டும் இல்லை, அவனுக்கும் ஒரு ஆசை உண்டு, அதை வைத்து விளையாடலாம் என்பது இங்கேதான் பிடிபடும். புதியவர்கள் இந்த அறைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவாவது முதல் பதுங்கலில் அவர்களை விட்டுவைக்க வேண்டும்.

முதல் மாலைக்கு மூன்று, நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டால் குகை முழுவதும் முடியும் என்று சொல்ல முடியாது. பாதிச் சண்டையில் நிறுத்தாதீர்கள். அடுத்த வாரம் யார் எங்கே நின்றார்கள், யாரிடம் எத்தனை அம்பு மிச்சம் என்று யாருக்கும் நினைவிருக்காது. நேரம் போதாது என்று தெரிந்தால் குகை வாசலில், ஓநாய்கள் உறுமும் சத்தத்தோடு நிறுத்துங்கள். நேரம் இருந்தால் சில்டாரை மீட்டு, வண்டியை ஃபண்டலினில் பார்தென் கடைக்குக் கொண்டுபோய், பேசின பத்துத் தங்கக் காசை ஆளுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு முடிக்கலாம். காசைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். குகை முடிந்திருந்தால் பாத்திரங்கள் இரண்டாம் நிலைக்கு ஏறிவிடும். அந்த எண்களை மாற்றும் வேலையை அன்று ராத்திரியே ஆரம்பிக்காமல் அடுத்த ஆட்டத்தின் முதல் கால் மணி நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.